நான்கு பெண்களுக்குப் பிறகு

நான்காவது மகள் பிறந்த அன்று மதியம் லேடி டாக்டர் என்னை ஆஸ்பத்திரி வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். என்னை உட்காரச் சொல்லவில்லை. அவரும் உட்காரவில்லை.

"உங்க வீட்டம்மாவுக்கு ரத்தம் ரொம்பப் போயிடுச்சு. போன பிரசவத்துலயும் இப்படித்தான்னு நர்ஸ் சொல்றாங்க. இந்தத் தடவை நிறுத்திட்டோம். அடுத்த தடவையும் நிறுத்திடுவோம்னு என்னால சொல்ல முடியாது."

நான் தலையாட்டினேன்.

"தலையாட்டாதீங்க. புரிஞ்சுதான்னு வாயைத் தொறந்து சொல்லுங்க."

"புரிஞ்சுதுங்க."

அது ஐம்பதுகளின் கடைசி. நான் முனிசிபல் ஆபீசில் வரிப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். வயது முப்பத்திரண்டு. என் மனைவிக்கு இருபத்தாறு. அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடும் குடும்பத்துப் பெண். ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனால் மனக்கணக்கில் என்னை எப்போதும் முந்திவிடுவாள். தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட வாடகை வீட்டில், நாங்களும் பெண்களும் என் அம்மாவும் இருந்தோம். நான் அம்மாவுக்கு ஒரே பிள்ளை.

அம்மா பேத்திகளை வெறுத்தவள் அல்ல. தலைவாரிப் பூ வைத்து, ஒவ்வொருத்தியையும் தன் மடியில் போட்டு வளர்த்தவள். ஆனால் அவளுக்கு ஒரு பேரன் வேண்டும். நான்காவதும் பெண் என்று கேட்டபோது அவள் அழவில்லை. விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, "சரி, நாலு ஆயிடுச்சு. இனிமே ஆம்பளதான்" என்றாள், ஏதோ பாதை தெளிந்துவிட்டதுபோல.

"எப்டிம்மா சொல்ற?"

"அஞ்சாவது பொண்ணு கெஞ்சினாலும் கெடைக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க? கெடைக்காதுன்னா இன்னா அர்த்தம்? ஆம்பளதான் வரும்னு அர்த்தம்."

ஐந்தாவது பெண் அதிர்ஷ்டம், அவ்வளவு எளிதில் கிடைக்கமாட்டாள் என்று உயர்த்திச் சொல்லும் பழமொழி அது. அம்மா அதைத் தன் தேவைக்குத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். "அவங்க எல்லாருக்கும்தான் அப்டி சொல்வாங்க" என்று முடித்துவிட்டாள்.

அம்மாவை மட்டும் சமாளிப்பது என்றால் சமாளித்திருப்பேன். குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது என் மனைவியும் அதையே சொன்னாள். உடம்பு தேறி, வெளுத்த முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "ஏங்க, அத்த சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குதுங்க. நாலு தடவ பொண்ணு வந்துடுச்சு. இன்னும் எவ்ளோ தடவதான் அதே வரும்?" என்றாள்.

அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. அதே கேள்வி நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் இருந்தது.

பதவி உயர்வுக்காக நான் ஒரு வணிகத் தேர்வு எழுதவேண்டியிருந்தது. அதில் ஸ்டாடிஸ்டிக்ஸ் ஒரு தாள். ஒருமுறை எழுதித் தோற்றிருந்தேன். சராசரி, இடைநிலை, விலக்கம் என்று சூத்திரங்களை மந்திரம்போல உருப்போட்டேனே தவிர, எதற்காக அவற்றைச் செய்கிறோம் என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் முறை படிக்கும்போது ப்ராபபிலிட்டி பாடத்தில் இருந்தேன். நிகழ்தகவு என்று இப்போது பள்ளிப் பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்கு அப்போது அந்தச் சொல் தெரியாது. நாணயத்தைச் சுண்டினால் நான்கு முறை தலையே விழுந்தாலும், ஐந்தாம் முறை தலை விழவும் பூ விழவும் சமவாய்ப்புத்தான் என்று அந்த ஆங்கிலப் புத்தகம் சொன்னது. நாணயத்துக்குப் பழசு ஞாபகம் இருக்காது.

பெரியவள் தாயம் ஆடுவதற்காக ஒருபக்கம் தேய்த்து வைத்திருந்த புளியங்கொட்டைகள் வீட்டில் இருந்தன. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மனைவியிடம் போனேன். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. தொடர்ந்து நான்கு தடவை வெள்ளை விழும்வரை தரையில் உருட்டிக்கொண்டே இருந்தேன். விழுந்தது.

"இப்ப சொல்லு. அடுத்தது கறுப்பா, வெள்ளையா?"

"யாருக்குத் தெரியும்?"

"அதேதான். நாலு வெள்ள விழுந்துடுச்சேன்னு கொட்டை கறுப்பா விழாது. அதுக்கு எதுவும் தெரியாது."

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கொட்டையை வாங்கிப் பார்த்தாள். "கொட்டைக்குப் புத்தி இல்லீங்க. வயித்துக்கும் இருக்காதுன்னு எப்டி சொல்றீங்க?"

புத்தகம் நாணயத்தைப் பற்றிச் சொன்னது, பெண்களைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு பிறப்பு முந்தைய பிறப்பைச் சாராது என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அதை நான் எங்கும் பார்த்தவனல்ல. படித்தவன் என்ற திமிரில் சொல்லிவிட்டேன். அவள் கேட்டது சரியான கேள்வி.

அம்மா தன் பங்குக்கு ஆதாரம் கொடுத்தாள். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலுமாக, நான்கு பெண்ணுக்குப் பிறகு ஐந்தாவது பெற்ற ஐந்து வீடுகளைச் சொன்னாள். நான் விசாரித்தேன். நான்கு வீட்டில் ஆண். ஐந்தில் நான்கு. எனக்கே உள்ளே ஆட்டம் கண்டது. ஒருவேளை புத்தகம்தான் தப்போ என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் நாள் ஆபீசில், டிபன் டப்பாவைத் திறக்கும்போது, கண்ணெதிரே இருந்தது எனக்கு உறைத்தது. எங்கள் கட்டடத்திலேயே, வரிப் பிரிவுக்கு இரண்டு அறை தள்ளி, சுகாதாரப் பிரிவின் மர அலமாரியில் ஊரில் பிறந்தவர்களின் பதிவேடுகள் வருஷக்கணக்காக அடுக்கி இருந்தன. ஐந்து வீட்டைக் கேட்டு எதற்கு மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? எண்ணிப் பார்த்துவிட்டால் போயிற்று.

அந்தப் பதிவேடுகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பாய். சாப்பாட்டு நேரத்தில் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார்.

"எனக்கு ஆறும் பசங்க. ஏழாவது பொண்ணுதான் பொறக்கும்னு எங்க வீட்ல அடிச்சு சொல்றாங்க. அதையும் சேத்து எண்ணுவீங்களா?"

"எண்றேன் பாய்."

"அப்ப சனிக்கிழம மத்தியானம் வாங்க. புஸ்தகத்த வெளிய எடுத்துட்டுப் போகக்கூடாது. இங்கயே ஒக்காந்து பாத்துக்கங்க."

அப்படித்தான் தொடங்கியது. சனிக்கிழமை ஆபீஸ் அரைநாள். மற்றவர்கள் வீட்டுக்குப் போனபின் நானும் பாயும் மட்டும் இருப்போம். அவர் தன் பாக்கி வேலையைப் பார்ப்பார். நான் பதிவேட்டைப் புரட்டுவேன்.

ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பதினோரு மாதம் ஆயிற்று. பதிவேட்டில் இது எத்தனையாவது குழந்தை என்று எழுதியிருக்காது. தேதி, ஆணா பெண்ணா, தகப்பன் பெயர், தாய் பெயர், தெரு, தொழில் அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் பிள்ளைகளை வருஷம் வருஷமாகத் தேடிக் கோர்க்கவேண்டும். எங்கள் ஊரிலோ பாதி ஆண்களுக்கு அண்ணாமலை என்று மலையின் பெயர். மீதிப் பாதியில் பாதிப் பேருக்குக் கோயிலில் இருக்கும் சாமியின் பிள்ளைகள் இருவரின் பெயர். ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று தகப்பன்மார் இருப்பார்கள். ஒருவர் நெசவு, ஒருவர் வண்டி ஓட்டுகிறவர், மூன்றாமவருக்குத் தொழில் என்ற இடத்தில் வெறும் கோடு.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டுக் காகிதம் போட்டேன். பழைய வரி நோட்டீஸ்களின் பின்பக்கம் எழுதுவதற்கு வாட்டமாக இருந்தது. அவற்றை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பரப்பிச் சரிபார்ப்பேன். முதல் சில வாரம் என் மனைவி அதைக் கண்டும் காணாததுபோல் தாண்டிப் போனாள். ஒருநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தவள், இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றாக வைத்தாள்.

"இது ரெண்டும் ஒரே வீடுங்க. அந்த வண்டிக்காரரு மொதல்ல சமுத்திரம் ஏரிப் பக்கத்துல இருந்தாரு. அப்புறம்தான் பெரிய தெருவுக்கு வந்தாரு. நீங்க ரெண்டு குடும்பமா போட்டு வெச்சிருக்கீங்க."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் உட்கார்ந்தாள். ஆணுக்கு ஒரு கோடு, பெண்ணுக்கு ஒரு சுழி. நான் தவறவிட்ட பல குடும்பங்களை அவள் கோர்த்தாள். தண்ணீர் எடுக்கப் போகும் இடத்தில் கேட்டுவிட்டு வருவாள். "அந்த மூணாவது கொழந்த செத்துப் பொறந்துச்சாங்க. எழுதவே இல்ல" என்பாள். நான் துண்டின் ஓரத்தில் குறித்துக்கொள்வேன். அவளுக்கு ஐந்தாவது ஆண் என்ற நம்பிக்கை அப்போதும் போகவில்லை. தன் நம்பிக்கை ஜெயிக்கும் என்றுதான் எண்ணினாள். நான் என் புத்தகம் ஜெயிக்கும் என்று எண்ணினேன். ஆனால் இரண்டு பேரும் ஒரு துண்டைக்கூட மறைக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அதில் ஒரு கர்வம் உண்டு.

ஒரு வாரம் எங்கள் தெரு, பக்கத்துத் தெருக்களின் துண்டுகளே வந்தன. அம்மா சொன்ன ஐந்து வீடும் அதில் இருந்தன. கூடவே அவள் சொல்லாத மூன்று வீடுகள். மூன்றிலும் ஐந்தாவது பெண். ஒரு வீட்டில் ஆறாவதும் பெண்.

"அம்மா, இவங்கள ஏன் நீ சொல்லல?"

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எவங்கள?" என்று கேட்டு, நான் வீட்டை அடையாளம் சொன்னதும், "ஆமா, அவங்களும் இருக்காங்க" என்றாள். பிறகு, "பையன் பொறந்தா சக்கர குடுக்கறாங்க. பேர் வெக்கிறதுக்குக் கூப்பிடறாங்க. பொண்ணு பொறந்த வீட்ட யாருடா பேசறாங்க?" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. நினைவில் நின்றதைச் சொன்னாள். நின்றதெல்லாம் சர்க்கரை கொடுத்த வீடுகள்.

நடுவில் எனக்கு ஒரு பெரிய சந்தேகம் வந்தது. பாய்தான் கிளப்பினார். "ஆம்பள கொழந்தன்னா மறுநாளே வந்து எழுதிட்டுப் போறாங்க. பொண்ணுன்னா வர்றதில்ல. நம்ம புஸ்தகத்துல பொண்ணு கம்மியாத்தான் இருக்கும்" என்றார். அது உண்மையானால் என் எண்ணிக்கை முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்த தராசு. ஆறு மாத வேலை வீணாகிவிட்டதே என்று அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

அந்த வாரமே லேடி டாக்டரைப் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரியின் பிரசவ ரிஜிஸ்டரில் நர்ஸ் அங்கேயே, அப்போதே எழுதிவிடுவார். ஆணும் பெண்ணும் அதில் ஒன்றுதான். அதைவிட முக்கியம், எத்தனையாவது பிரசவம், முன்னால் பிறந்தவை என்ன என்று அதில் குறித்திருந்தார்கள். டாக்டர் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "எதுக்கு இவ்வளவு கஷ்டப்படறீங்க? நான் சொன்னா உங்க வீட்ல நம்ப மாட்டாங்களா?" என்றார்.

"நம்ப மாட்டாங்கம்மா. எண்ணினா நம்புவாங்க."

நர்ஸ் ரூமில் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்.

முடிவில் நான்கு பெண்ணுக்குப் பின் ஐந்தாவது பெற்றவர்கள் இரண்டு இடத்திலும் சேர்த்து நூறைத் தாண்டினார்கள். சரியான எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. ஓட்டைகள் உள்ள பதிவேட்டிலிருந்து ஒரு குமாஸ்தா எடுத்த கணக்கு அது. அதை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க வேண்டாம். ஆனால் நான் பார்த்ததைச் சொல்லலாம். கோடும் சுழியும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. கோடு ஒரு கை விரல்களில் எண்ணிவிடும் அளவு ஜாஸ்தி, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரை மட்டும் தனியாகக் கூட்டினாலும் அப்படித்தான் வந்தது. முதல் குழந்தையிலும் கோடு அதே மாதிரிதான் கொஞ்சம் ஜாஸ்தியாக இருந்தது. நான்கு பெண் பிறந்ததால் ஐந்தாவதில் ஒன்றும் மாறவில்லை. பாய் வீட்டைப் போல வரிசையாகப் பையன்கள் பிறந்த வீடுகளிலும் அடுத்தது பாதிக்குப் பாதிதான்.

பாயிடம் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாதின்னா நல்லதுதானே. இல்லவே இல்லன்னு சொல்லலியே" என்றார்.

வீட்டிலும் கிட்டத்தட்ட அதே பதில் எனக்காகக் காத்திருந்தது என்று அப்போது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை. என் மனைவி தன் பிறந்த வீட்டிலிருந்து வந்திருந்த மல்லாட்டையை முறத்தில் போட்டு உரித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துண்டுகளையும் சேர்த்து அவளே கூட்டினாள். இரண்டு முறை கூட்டினாள். பிறகு காகிதத்தைத் தரையில் வைத்தாள்.

"பாதிங்க."

"ஆமா. வயித்துக்கும் ஞாபகம் இல்ல" என்றேன். ஜெயித்துவிட்ட குரல் அது. நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அவள் நிதானமாக ஒரு மல்லாட்டையை உடைத்தாள். "சரிங்க, நிச்சயமா பையன்னு சொன்னது தப்பு. ஒத்துக்கறேன். ஆனா பாதி இருக்குதே. பாதி சின்ன விஷயமா? வானம் பாத்து வெத போடறோம். அதுல பாதி நிச்சயமாவது இருக்குதா? போட்டுப் பாக்கலாமே."

ஒரு வருஷ உழைப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டே அவள் எனக்கு எதிராகப் பேசினாள். அவள் பேசியதில் தப்பும் இல்லை. எவ்வளவு வாய்ப்பு என்று மட்டும் நான் எண்ணியிருந்தேன். எதைப் பணயம் வைக்கிறோம் என்பதை எண்ணவே இல்லை.

"டாக்டர் சொன்னது மறந்துடுச்சா?" என்றேன்.

"டாக்டர் சொன்னாங்க. அத்தையும் சொன்னாங்க. அத்த சொன்னத நம்பாம நீங்க எண்ணிப் பாத்தீங்க. டாக்டர் சொன்னத எண்ணிப் பாத்தீங்களா?"

இல்லை. எண்ண எனக்குத் தைரியம் இருந்ததில்லை. அதுதான் உண்மை.

மறுவாரம் போனேன். அதே ஸ்டூல், அதே மூலை. டாக்டர் என்னுடன் நின்று பக்கங்களைக் காட்டினார். முந்தைய பிரசவத்தில் என் மனைவியைப்போல ரத்தம் போய்ப் பிழைத்து, பிறகு மறுபடி பிரசவத்துக்கு வந்தவர்கள். பழைய ரிஜிஸ்டர்களையெல்லாம் புரட்டியும் பதினெட்டுப் பேர்தான் கிடைத்தார்கள். பதினைந்து பேர் குழந்தையோடு வீடு திரும்பியிருந்தார்கள். மூன்று பேருக்கு நேராகச் சிவப்பு மையில் எழுதியிருந்தது. ஒரு பெண்ணுக்கு வயது இருபத்தாறு. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வெளியே போய்க் குழாயில் முகம் கழுவினேன்.

வீட்டில் சொன்னேன். எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "பதினெட்டு ரொம்பச் சின்ன கணக்கு. அஞ்சு வீட்ட வெச்சு அம்மா சொன்னத நம்பக்கூடாதுன்னா, பதினெட்ட வெச்சு நானும் உறுதியா எதையும் சொல்லக்கூடாது. பதினஞ்சு பேரு பொழைச்சிருக்காங்க. அதையும் நீ பாத்துக்கணும்."

வெளியே சந்தில் எங்கள் பெண்கள் மூன்று பேரும் கத்திக்கொண்டு விளையாடுவது கேட்டது. நான்காமவள் என் மனைவியின் காலடியில் முறத்தைக் கவிழ்க்கப் பார்த்தாள்.

"அந்த மூணு பேருக்கும் மொதல்லயே கொழந்தைங்க இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இப்ப அதுங்கள யாரு பாத்துக்கிறாங்க?"

"அது ரிஜிஸ்டர்ல இல்ல."

"இருக்காது" என்றாள். முறத்தைக் குழந்தையின் கையிலிருந்து வாங்கி எட்ட வைத்தாள். "ஆணா பொண்ணான்னு தெரிஞ்சுக்க நூறு வீடு எண்ணணும். சரி. உசிரு போறதுக்கு மூணு போதுங்க. எனக்குப் போதும்."

அம்மாவிடம் நான் சொல்கிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே அம்மாவுக்கு எதிரில் போய் உட்கார்ந்து, "அத்த, இதோட நிறுத்திக்கிறோம். நானேதான் முடிவு பண்ணேன். அவர ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். என் அம்மாவிடம் அவள் அதற்குமுன் அப்படிக் கண்ணைப் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை.

அம்மா எழுந்துகொண்டாள். என்னிடம் வந்தாள். செங்கத்தில் தூரத்து உறவில் ஒரு பெண் இருப்பதாகவும், இரண்டாந்தாரமாகக் கொடுக்க அவர்களுக்குச் சம்மதம் என்றும் தணிந்த குரலில் சொன்னாள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"இந்தப் பேச்சு இந்த வீட்ல இதான் கடைசி தடவ. இன்னொரு வாட்டி பேசினா, நான் இவங்க அஞ்சு பேரையும் கூட்டிக்கிட்டு வேற வீடு பாத்துப் போயிடுவேன். உனக்கு மாசாமாசம் அரிசி வந்துடும், நான் வர மாட்டேன்."

அம்மாவிடம் நான் சொன்ன சொற்களில் இவ்வளவு கடுமையானது வேறில்லை. அவள் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், தட்டைப் பார்த்துப் போடுவாள்.

பேச்சு போதாது என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் பிள்ளை பெறும் வருஷங்கள் இன்னும் நிறைய இருந்தன. அறுபதுகள் பிறந்து, ஆண்களுக்குச் செய்யும் கருத்தடை ஆபரேஷன் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தது. அவள் உடம்பில் கத்தி வைப்பதைவிட என் உடம்பில் வைப்பது சுலபம் என்று டாக்டர் சொன்னார். ஊரில் பேச்சு வேறு விதமாக இருந்தது. இடுப்பில் பலம் போய்விடும், குடம் தூக்க முடியாது, ஆண்மையே போய்விடும் என்றார்கள். ஆபீசில் ஒருவர், "நாலு பொண்ண வெச்சுக்கிட்டு இருக்கற கதவையும் சாத்தறீங்களே சார்" என்றார்.

நான் டாக்டரிடம், "இது எத்தன பேருக்குச் சரியா வராமப் போகும்?" என்று கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ரொம்ப ரொம்பக் கம்மி. ஆனா இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க எண்ண ஆரம்பிச்சுடுவீங்க." செய்துகொண்டேன். பத்தாம் நாள் சைக்கிளில் ஆபீசுக்குப் போனேன். வழியில் சைக்கிளை நிறுத்தி, எல்லோரும் பார்க்கும்படி எங்கள் தெருக்குழாயில் இரண்டு குடம் தண்ணீர் தூக்கி வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன். வேண்டுமென்றே செய்ததுதான்.

அந்த வருஷம் தேர்வு எழுதினேன். மாதிரி எடுப்பதில் வரும் பிழைகளை விளக்குக என்று ஒரு கேள்வி. மற்றவர்கள் ஒரு பக்கம் எழுதியிருப்பார்கள். நான் நாலு பக்கம் எழுதினேன். சர்க்கரை கொடுத்த வீடுகளைப் பற்றிக்கூட எழுதிவிட்டு, பிறகு அடித்தேன். பெரிய மார்க் இல்லை, ஆனால் தேறினேன்.

மறுவருஷம் எங்கள் சந்திலேயே, நான்கு பெண் பெற்ற ஒருத்திக்கு ஐந்தாவது பையன் பிறந்தான். அம்மா கல்கண்டுத் தட்டோடு வீட்டுக்குள் வந்து, ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"பாத்தியா? நான் சொன்னேனா இல்லியா?"

பாதிப் பேருக்குப் பிறக்கும் என்று நானும்தான் சொன்னேன், மறுபாதிக்கு என்ன சொல்வாய் என்று கேட்க வாய் வந்தது. அதற்குள் என் மனைவி தட்டிலிருந்து ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஆமா அத்த, சொன்னீங்க. நல்லா இருக்கட்டும். தாயும் புள்ளையும் சொகமா?"

"சொகம்தான்" என்றாள் அம்மா. என்ன நினைத்தாளோ தெரியாது. அன்று மத்தியானம் பெரியவளுக்குக் கணக்கு டீச்சர் கொடுத்திருந்த கூட்டலைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். எழுத்து தெரியாதவள். விரல்விட்டு எண்ணி, "ஒண்ணு விட்டுட்டடி" என்றாள். விட்டுத்தான் இருந்தது. அதன்பிறகு என்னோடு பேச்சும் மெல்ல வந்தது. ஆனால் பேரன் என்ற ஆசை அவளுக்குச் சாகும்வரை போகவில்லை. போனதாக நான் எழுதினால் அது பொய்.

பாய்க்கு ஏழாவதும் பையன். "அந்தப் பாதியில எனக்கு வந்த பாதி இது" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் எண்ணிய செய்தி எப்படியோ பரவி, சிலர் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஜோசியனிடம் வருவதுபோல வந்தார்கள். "எங்களுக்கு அடுத்தது என்னன்னு எண்ணிச் சொல்லுங்க சார்" என்பார்கள். சொல்ல முடியாது என்று நான் விளக்கத் தொடங்கினால் அவர்கள் முகம் வாடிவிடும். என் மனைவிதான் வந்த பெண்களை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைப்பாள். நிறுத்து என்று யாரிடமும் அவள் சொன்னதில்லை. அவர்களில் சிலர் பெற்றுக்கொண்டார்கள், சிலர் நிறுத்திக்கொண்டார்கள்.

லேடி டாக்டர் காதுக்கும் இது போயிற்று. புதன்கிழமைகளில் கர்ப்பிணிப் பெண்கள் வரிசையில் நிற்கும் வராந்தாவில் வந்து அவர்களோடு பேசிக்கொண்டிருக்க முடியுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். சம்பளம் கிடையாது. அவள் போனாள். அதற்குள் பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்த நான்காமவளை அங்கே விட்டுவிட்டு அப்படியே நடந்துபோவாள். ஒருநாள் நானும் வரிப் பாக்கி நோட்டீஸ் கொடுக்க அந்தப் பக்கம் போனவன், தூணுக்கு இந்தப் புறம் நின்று கேட்டேன்.

நிறைமாதப் பெண் ஒருத்தி, "அக்கா, எனக்கு மூணும் பொண்ணு. இது பையன்தான்னு எங்க மாமியா சொல்றாங்க" என்றாள்.

"இருக்கலாம். பாதி இருக்குது" என்றாள் என் மனைவி. "அது கெடக்கட்டும். போன பிரசவத்துல உனக்கு எப்டி இருந்துச்சு? அத மொதல்ல சொல்லு."